நீல டப்பா

செல்வநாதனிடம் போய் "எப்படி இருக்கீங்க" என்று கேட்டால் "இருக்கேன்" என்பான். அதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டுமென்றால் டீ வாங்கிக் கொடுக்க வேண்டும். கொடுத்தாலும் டீயைத்தான் குடிப்பான். விருத்தாசலத்தில் கரண்ட் ஃபியூஸ் கேரியர் செய்கிற ஒரு பீங்கான் யூனிட்டில் இருபத்திரண்டு வருஷமாகச் சூளை அடுக்குகிற வேலை. பச்சை மண்ணாக உள்ளே போகிற சாமான் வெந்து வெளியே வரும்போது எவ்வளவு சுருங்கியிருக்கும் என்று பார்த்த பார்வையிலேயே சொல்லிவிடுவான். மனுஷர் விஷயத்தில் அந்தக் கண் அவனுக்குப் பெரிதாக உதவியதில்லை.

மனைவி அமலராணி குவைத்தில் நர்ஸ். கருவேப்பிலங்குறிச்சிக்காரி, வாய் ஓயாதவள். கல்யாணமான புதிதில் அவள் பேசுவாள், இவன் கேட்பான். இரண்டு பேருக்கும் அது சரியாகத்தான் இருந்தது. பிள்ளை இல்லை. "ரெண்டே வருஷம், வூட்ட கட்டிட்டு வந்துடுறேன்" என்று சொல்லிவிட்டு விமானம் ஏறினாள். வீடு கட்டியாயிற்று. அப்புறம் அவள் அம்மாவின் வைத்தியத்துக்கு என்று இரண்டு வருஷம். அதற்கும் அப்புறம் காரணமே தேவைப்படவில்லை. கான்ட்ராக்ட் தாள் வந்தது, கையெழுத்துப் போட்டாள், இப்படியே எட்டு வருஷம் ஓடிவிட்டது. "வா" என்று இவனும் ஒருநாள் சொன்னதில்லை. நாலு பேருக்கு வைத்தியம் பார்த்துச் சம்பாதிக்கிறவளைக் கூப்பிட்டு வீட்டில் உட்கார வைத்த பாவம் தனக்கு எதற்கு என்று இருந்துவிட்டான். ஊரும் அப்படித்தான் சொன்னது. ஊருக்கென்ன, தனியாக உட்கார்ந்து சோறு தின்பது ஊரா, அவனா?

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் போன் வரும். அவளுக்கு அது நைட் டியூட்டி முடிந்து ரூமுக்கு வருகிற நேரம்.

"சாப்ட்டீங்களா?"

"சாப்ட்டேன். நீ?"

"சாப்ட்டேன். அங்க மழையா?"

"இல்ல."

நாலு நிமிஷம். எட்டு வருஷத்தில் அவள் பேச்சையும் இவன் குணம் தின்றுவிட்டது. போனை வைத்த பிறகு, சொல்ல நினைத்ததெல்லாம் அவனுக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வரும். யாரிடம் சொல்ல?

போன வருஷம் கிறிஸ்துமஸுக்கு ஒரு மாச லீவில் வந்தபோது அமலராணி பரணிலிருந்து அவள் அப்பாவின் ஏர் ரைஃபிளை இறக்கினாள். ஜங்ஷனில் வேலை பார்த்த ஒரு ஆங்கிலோ இந்திய எஞ்சின் டிரைவர் ஊரைவிட்டுப் போகும்போது அவள் அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனது. ஜெர்மன் சாமான். குழலைப் பாதியில் மடக்கி, ஈயப் பெல்லட்டை உள்ளே வைத்து, நிமிர்த்திச் சுட வேண்டும். அமலராணி பாவாடை கட்டுகிற வயசிலேயே அதைத் தோளில் வைத்தவள். காலேஜில் என்.சி.சி.யில் சுட்டு மெடல்கூட வாங்கியிருக்கிறாள். அன்றைக்குக் கொல்லையில் கடையில் வாங்கிய பெல்லட்டைப் போட்டுச் சுட்டாள். ஒன்று கிழக்கே போனது, ஒன்று மேற்கே போனது.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றான் செல்வநாதன். அவன் அபூர்வமாகச் சொல்கிற கிண்டல் அது.

"கூடம் கோணலில்லீங்க, பெல்லட்டுதான் கோணல். பழைய குழலு, எல்லாத்தையும் ஏத்துக்காது. தோதானதா ஒண்ண தேடி வைங்க. அடுத்த டிசம்பரோட கான்ட்ராக்ட் முடியுது. மொத்தமா வந்துடலாமான்னு ஒரு நெனப்பு இருக்குது. பாப்போம்."

அந்த "பாப்போம்" இருக்கிறதே, அதைப் பிடித்துக்கொண்டுதான் செல்வநாதன் அந்த வருஷத்தையே ஓட்டினான்.

ஆகஸ்டில் வேலையைத் தொடங்கினான். ஆன்லைனில் ஏழு டப்பா வாங்கினான். தட்டைத் தலை, கூர்மூக்கு, உருண்டைத் தலை என்று ஏழு தினுசு. யூனிட்டில் கழித்துப் போட்ட மண்ணைப் பிசைந்து ஒரு மரப்பெட்டியில் அடைத்து, கொல்லைச் சுவரோரம் வைத்தான். குண்டு அந்த மண்ணில் போய்ப் புதைந்துகொள்ளும். பெட்டிக்கு முன்னால் ஃபியூஸ் அட்டைப் பெட்டியை வெட்டிக் கரிக்கோட்டால் வட்டம் போட்ட அட்டை. முப்பத்து மூன்று அடி தள்ளி ஒரு ஸ்டூல், ஸ்டூல்மேல் மணல் பை, பைமேல் துப்பாக்கி. கொல்லைக்குப் பின்னால் தண்டவாளம். கூட்ஸ் வண்டி போனால் தரை அதிரும், அது போகும்வரை காத்திருக்க வேண்டும்.

சுடத் தெரியாதவன். அமலராணிதான் போனில் சொல்லிக் கொடுத்தாள்.

"அஞ்சு அஞ்சா சுடுங்க. டப்பா மாத்துனா மொத பத்து குண்ட கணக்குல சேக்காதீங்க, குழலு புதுசுக்குப் பழகணும். மூச்ச பாதி விட்டுட்டு நிறுத்துங்க. சுட்டதும் அட்டைய போட்டோ எடுத்து அனுப்புங்க."

அனுப்பினான். அவள் ஓட்டைகளைப் பார்த்துப் படித்தாள். எக்ஸ்ரே பார்க்கிற மாதிரிதான்.

"இதுல மூணு ஒண்ணா இருக்குது, ரெண்டு கீழ இழுத்துருக்குது. அது பெல்லட்டு தப்பு இல்ல, நீங்க விசைய வெடுக்குனு இழுத்துட்டீங்க. காலைல எதுவும் சாப்டாம சுட்டீங்களா?"

"ஆமா. உனக்கு எப்படித் தெரியும்?"

"கை நடுங்கியிருக்குது. மொதல்ல இட்லி சாப்புட்டு வாங்க."

பேச்சு அங்கிருந்து இட்லிக்கும், இட்லியிலிருந்து அவள் ரூமில் இருக்கிற கேரளாப் பெண்ணின் சமையலுக்கும், அதிலிருந்து அவள் அப்பா வேர்க்கடலைக் கொல்லையில் பன்றி விரட்டின கதைக்கும் போனது. கட் பண்ணிவிட்டுப் பார்த்தால் ஐம்பத்தோரு நிமிஷம். செல்வநாதன் அந்த எண்ணை இரண்டு தடவை பார்த்தான். பழைய அமலராணி கொல்லையில் வந்து உட்கார்ந்துவிட்டுப் போன மாதிரி இருந்தது அவனுக்கு.

இரண்டாவது ஞாயிறு நீல டப்பாவைப் பிரித்தான். உருண்டைத் தலை, பின்பக்கம் பாவாடை மாதிரி நன்றாக விரிந்த பெல்லட். மற்றதெல்லாம் குழலுக்குள் தொளதொளவென்று விழும். இது விரலால் அழுத்தினால்தான் போய் உட்கார்ந்தது. பத்தைச் சுட்டுக் கழித்துவிட்டு, ஐந்தைச் சுட்டான். போய்ப் பார்த்தால் ஐந்து ஓட்டையும் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. ஒரு ரூபாய்க் காசை வைத்தான், ஐந்தும் மறைந்துவிட்டன. மறுபடி ஐந்து சுட்டான். அதுவும் அப்படியே.

தேடினது கிடைத்துவிட்டது. போட்டோவும் எடுத்துவிட்டான். அனுப்புகிற இடத்தில் விரலை வைக்கப் போனவன் நிறுத்திக்கொண்டான். இதை அனுப்பினால் "அய்யோ, சூப்பருங்க" என்பாள். அப்புறம்? அடுத்த ஞாயிறு என்ன பேசுவது? "சாப்ட்டீங்களா, மழையா" என்று மறுபடி அந்த நாலு நிமிஷம்தானா?

அந்த அட்டையைப் பீரோவுக்குள் வைத்துவிட்டு, கூர்மூக்குப் பெல்லட்டால் சுட்ட ஒரு சொத்தை அட்டையை அனுப்பினான்.

அன்றிலிருந்து கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிற பிழைப்பு. ஏழு டப்பா தீர்ந்ததும் இன்னும் ஆறு வாங்கினான். ஈயத்தூசு போகக் கழுவிக் காயவைத்துச் சுட்டான். சொட்டு எண்ணெய் தடவிச் சுட்டான். யூனிட்டில் ஓட்டையை அளக்கிற கேஜைக் கொண்டுவந்து ஒவ்வொரு பெல்லட்டாக நுழைத்துப் பார்த்துப் பிரித்துவைத்துச் சுட்டான். எல்லாவற்றுக்கும் அவளிடம் யோசனை கேட்டான். அவளும் சலிக்காமல் சொன்னாள். ஒரு ஞாயிறு ஒரு மணி நேரத்தையும் தாண்டிவிட்டது. பேச்சு நடுவிலேயே அவள் தூங்கிப்போனாள். செல்வநாதன் கட் பண்ணாமல் அந்த மூச்சைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

அவனோடு சூளை அடுக்குகிற பக்கிரி ஒருநாள் வந்து இந்தக் கூத்தைப் பார்த்தான்.

"அவனவன் பொண்டாட்டிக்குப் பொடவை அனுப்புவான், நீ ஓட்ட போட்ட அட்டைய அனுப்புற. நல்ல குடும்பம்டா ஒன்னோடது."

"அவளுக்குப் பொடவை இருக்குது" என்றான் செல்வநாதன்.

டிசம்பரைப் பற்றி அவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் அவள் "இல்ல" என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று பயம். அக்டோபர் கடைசியில் ஒரு ஞாயிறு அவளே கேட்டாள்.

"பெல்லட்டு ஒண்ணும் அமையலியாங்க இன்னும்?"

"இல்ல. இன்னும் நாலு டப்பா பாக்கணும்."

"ஓ" என்றாள். "சரி, பாருங்க" என்று சொல்லி அன்றைக்குச் சீக்கிரமே போனை வைத்துவிட்டாள். தூக்கக் கலக்கம் என்று நினைத்துக்கொண்டான்.

நவம்பர் கடைசி ஞாயிறு கோயிலில் கிறிஸ்துமஸுக்கு முந்தின திருவருகைக் காலத்து முதல் மெழுகுவத்தி ஏற்றினார்கள். அதைப் பார்த்ததும் இனித் தாமதிக்க முடியாது என்று அவனுக்குத் தோன்றிவிட்டது. அவள் வருவதற்கு டிக்கெட் போட வேண்டும், பெட்டி கட்ட வேண்டும். வீட்டுக்கு வந்து பீரோவைத் திறந்து, ஆகஸ்டில் ஒளித்துவைத்த அட்டையை எடுத்துப் படம் அனுப்பினான். போன் வந்ததும் முந்திக்கொண்டான்.

"கெடச்சிடுச்சு அமலா. நீல டப்பா. ஒரு ரூபா காசு மூடிடுது. நீ வந்து சுட வேண்டியதுதான் பாக்கி."

அவள் படத்தைத் திறந்து பார்த்தாள்.

"பாத்தியா?"

"இது இன்னிக்கு சுட்டது இல்லியே" என்றாள். "அட்டை பழுத்துப்போயிருக்குது."

செல்வநாதனுக்கு இதற்கு மேல் பொய் வரவில்லை. "ஆகஸ்டுல சுட்டது" என்றான்.

"தெரியும். மூணாவது வாரம் நீங்க அனுப்புன போட்டோவுல ஸ்டூலு ஓரமா அந்த நீல டப்பா திறந்து கெடந்துச்சு. எங்கப்பா இந்தத் துப்பாக்கிக்கு அதத் தவிர வேற ஒண்ணு போட்டதில்ல."

"அப்ப நீ மொதல்லயே சொல்லியிருக்கலாமே, இதத்தான் வாங்குங்கன்னு."

"சொல்லியிருந்தா நீங்க ஒரு வாரத்துல முடிச்சிருப்பீங்க. எனக்கும் பேச ஆளு வேணும்ல?"

செல்வநாதனுக்குச் சிரிப்பு வந்தது. இவ்வளவு நாளும் இரண்டு பேரும் ஒரே திருட்டைத்தான் செய்திருக்கிறார்கள். எட்டு வருஷமாக உள்ளே கிடந்தது அப்போதுதான் வெளியே வந்தது.

"அமலா, போதும். வந்துடு. இந்த வூட்ல தனியா இருக்க முடியல என்னால. நீ சம்பாதிச்சது போதும், நான் சம்பாதிக்கிறதும் போதும். வந்துடு."

அவள் அழுகிறாளா என்று தெரியவில்லை. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"போன மாசமே கையெழுத்து போட்டுட்டேங்க. இன்னும் ரெண்டு வருஷம்."

"ஏன்? என்கிட்ட ஒரு வார்த்த..."

"கேட்டேனே. பெல்லட்டு அமையலியான்னு கேட்டேன்ல? தாள கையில வச்சுக்கிட்டுத்தான் கேட்டேன். நல்ல பெல்லட்ட கையில வச்சுக்கிட்டே இல்லங்கறாரே, நான் வரணும்னு இவருக்கு ஒண்ணும் அவசரமில்ல போலருக்குதுன்னு நெனச்சிட்டேன். கெடச்சிடுச்சு, வான்னு அன்னிக்கு நீங்க சொல்லியிருந்தா போட்டிருக்க மாட்டேன்."

"அன்னிக்கே வான்னுதான் இருந்துச்சு எனக்கு" என்றான்.

"எனக்கு எப்படிங்க தெரியும்?" என்றாள் அமலராணி. "நீங்க சொல்லவே இல்லியே."