நிக்கலஸ் மாஸ்டர் தைத்த மெத்தை

"முதுகால தூக்காதை. தொடையால தூக்கு!"

மூதூர் லோஞ்ச் படகு துறையில் வந்து கட்டியதும் மூட்டை தூக்குபவர்கள் வரிசையாகக் குனிவார்கள். நிக்கலஸ் மாஸ்டர் தினமும் காலையில் அவர்களுக்கு நடுவே போய் நின்றுகொண்டு இப்படிச் சத்தம் போடுவார். யாரும் அவரைக் கூப்பிட்டதில்லை. யாரும் போகச் சொன்னதுமில்லை. அறுபது வயது. கழுத்து என்று தனியாக ஒன்று கிடையாது, தலை நேராகத் தோளில் உட்கார்ந்திருக்கும். இரண்டு காதுகளும் மல்யுத்தத்தில் நசுங்கி, பிசைந்த மாவு போல மடிந்து தடித்துக் கிடக்கும். அந்தக் காதுகளைப் பார்த்து மூன்று பெண்கள் கலியாணத்துக்கு மறுத்தார்களாம். நாலாவதாக வந்த எல்சிக்குப் பார்வை குறைவு என்று அவரே சொல்லிச் சிரிப்பார். கல்லூரியில் மல்யுத்தம் பழக்குவதை விட்டு ஒரு வருடமாகிறது. இப்போது அவருக்கு மிஞ்சியிருக்கும் மாணவர்கள் இந்த மூட்டைக்காரர்கள்தான்.

துறைமுகம் வெள்ளைக்காரனிடம் இருந்த காலத்தில் அவர் கப்பல் திருத்தும் டொக்யார்ட் பட்டறையில் வேலை பழகியவர். பின்னேரங்களில் மாலுமிகள் மல்லுக்கு நிற்பதை வேலியோரம் நின்று பார்ப்பார். ஒருநாள் ஆள் குறைந்தபோது உள்ளே கூப்பிட்டார்கள். அன்றைக்கு விழுந்தவர், மறுநாளும் போனார். அவர்கள் கப்பலேறிப் போன பிறகு, கற்றதை என்ன செய்வதென்று தெரியாமல் நகரத்துக் கல்லூரியொன்றின் படியேறினார். அதிபர் இடம் கொடுத்தார், மெத்தை கொடுக்கவில்லை. கழித்துப் போட்ட கப்பற்பாய்த் துணியைத் துறைமுகத்தில் கேட்டு வாங்கி, தென்னந்தும்பு அடைத்து, கோணி ஊசியால் பதினேழு நாள் குந்தியிருந்து மாஸ்டரே ஒரு மெத்தை தைத்தார்.

கல்லுப் போன்ற மெத்தை. அதில் புரண்ட பிள்ளைகளின் முழங்கையும் முழங்காலும் உரிந்து, காய்ந்து, மறுபடி உரிந்து, கடைசியில் காய்த்துப்போகும். அழுகிறவனிடம், "அதுதான் உனக்குச் சேட்டிபிக்கற்" என்பார்.

முப்பது வருடத்தில் அவருடைய பிள்ளைகள் பெரிதாக வென்றுவிடவில்லை. ஐந்தே பதக்கம். ஆனால் சுங்கக் கந்தோர் எழுதுவினைஞரும், நிலாவெளி பஸ் சாரதியும், இறைச்சிக்கடை முனாப்பும் மாஸ்டரைக் கண்டால் இன்றைக்கும் நாடியை உள்ளே இழுத்துத் தோளை விரிப்பார்கள். "நாடி உள்ள!" என்று அவரிடம் கேட்டுக் கேட்டு வந்த பழக்கம்.

தொண்ணூறாம் ஆண்டு ஆவணியில் ஒரு விடியற்காலை இராணுவத்தினர் நகரத்தைச் சுற்றி வளைத்தார்கள். இளம் பிள்ளைகளை மைதானத்தில் வரிசையாக நிறுத்திச் சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். முழங்கையையும் முழங்காலையும் தடவிப் பார்த்தார்கள். காய்ப்பு இருந்தால் இயக்கத்தில் துவக்கோடு தவழ்ந்து பயிற்சி எடுத்தவன் என்று கணக்கு. கல்லூரி அணியில் நாலு பேர் அப்படிப் பிடிபட்டார்கள். அதில் ஒருவன் ஜெறோம், இன்பமலரின் ஒரே மகன், பதினேழு வயது.

கேள்விப்பட்ட கையோடு மாஸ்டர் முகாம் வாசலுக்குப் போனார். மூன்று நாள் வெயிலில் நின்ற பிறகு ஓர் அதிகாரி உள்ளே விட்டார். டொக்யார்டில் பழகிய சிங்களத்தில் மாஸ்டர் பேசினார். சட்டைக் கையைச் சுருட்டித் தன் முழங்கையை நீட்டினார்.

"இது துவக்குக் காய்ப்பு இல்லை ஐயா, மெத்தைக் காய்ப்பு. அந்த மெத்தையைத் தைச்சவன் நான். பிழையெண்டால் என்னைப் பிடியுங்கோ."

அதிகாரி நம்பவில்லை. வாசலில் நின்ற பெரிய உடம்புக்காரச் சிப்பாய் ஒருவனைக் கூப்பிட்டு நிறுத்தி, மாஸ்டரிடம், "இவனை விழுத்து பார்ப்போம்" என்றார். ஐம்பத்தெட்டு வயதுக்காரர் செருப்பைக் கழற்றினார். இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுச் சிப்பாயின் இடுப்பைக் கோலித் தூக்கிச் சாய்த்தார். விழுந்தவனின் தலைக்கும் சீமெந்துத் தரைக்கும் நடுவில் மாஸ்டரின் உள்ளங்கை இருந்தது. புறங்கைத் தோல் கிழிந்து இரத்தம் வந்தது. அதிகாரி அந்தக் கையையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

மூன்று பேரை விட்டார்கள். ஜெறோமைக் கேட்டபோது, "அப்படி ஒருவன் இங்கே இல்லை" என்றார்கள். அன்று காலை வரை அவன் தங்களுக்குப் பக்கத்தில்தான் படுத்திருந்தான் என்று வெளியே வந்த மூன்று பேரும் சொன்னார்கள். விடிந்ததும் அவனை மட்டும் வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள்.

மாஸ்டர் அதன் பிறகு வீடு வீடாகப் போய்ப் பழைய சாரமும் சேலையும் கேட்டு வாங்கி, மெத்தைக்கு மேலே மூன்று மடிப்பாகப் போட்டுத் தைத்தார். எல்சி சாப்பிடக் கூப்பிட்டால் எழும்பமாட்டார். "கொஞ்சம் முந்தி இதைச் செய்திருக்கலாம்" என்று ஊசியைப் பார்த்தே சொல்லுவார். "செய்திருக்க ஏலுமே, எல்சி? ஏலும்தானே?"

அடுத்த வருடம் கொழும்பில் கல்லூரிகளுக்கிடையிலான போட்டி. பெயர் எழுதும் கடைசி நாளில் ஜெறோமின் தாய் இன்பமலர் கல்லூரிக்கு வந்தாள்.

"அறுபத்து மூண்டு கிலோவுக்கு ஆரைப் போடுறியள், மாஸ்டர்?"

"இன்னும் ஒருத்தரையும் போடேல்ல, பிள்ளை."

"அவன்ர பேரை எழுதுங்கோ."

"அவன் இல்லாமல் எப்பிடி…"

"எழுதாட்டி அவன் இல்லையெண்டு நாங்களே சொன்ன மாதிரி. அவங்கள் சொல்லட்டும். நீங்கள் சொல்லாதேங்கோ."

மாஸ்டர் எழுதினார்.

கந்தளாய் வழியாக, சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏறி, ஒரு பகல் முழுக்கப் பயணம் செய்து அணி கொழும்புக்குப் போனது. அதுதான் அவர் கூட்டிப்போன கடைசி அணி. மறுநாள் மண்டபத்தில் ஒலிபெருக்கி ஜெறோமின் பெயரைக் கூப்பிட்டது. எதிர்க் கல்லூரிப் பிள்ளை மெத்தையில் ஏறி நின்று, வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டாம் முறை கூப்பிட்டார்கள். வேறு எடையில் இறங்கவிருந்த கிண்ணியாத் தாஹிர் மாஸ்டரின் காதருகே குனிந்து, "நான் போகட்டோ?" என்றான். அவர் வேண்டாமென்று தலையை ஆட்டினார். தானும் வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் முறையும் கூப்பிட்டு ஓய்ந்தது.

மாஸ்டர் எழுந்துபோய் மெத்தையில் ஏறினார். எதிராளி வராததால் வென்றவனின் கையைத் தூக்க மத்தியஸ்தர் வருவதற்கு முன்னால், அந்தப் பிள்ளையின் மணிக்கட்டைத் தானே பிடித்து உயரத் தூக்கினார். மண்டபம் கைதட்டி அடங்கிய பிறகும் அவர் அந்தக் கையை இறக்கவில்லை.