இரண்டு போத்தல் மண்ணெண்ணெய்

பஞ்சம் வந்தால் மனிதர் ஒன்றுபடுவார்கள் என்று மேடைகளில் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். நாங்களும் ஒன்றுபட்டோம், உண்மைதான். அடுத்த மாதமும் ஏதோ கொஞ்சம் கிடைக்கும் என்று நம்பியிருந்தவரைக்கும் ஒன்றுபட்டிருந்தோம்.

எரிபொருள் தட்டுப்பாட்டு வருடம் அது. எங்கள் பங்குக் கிணற்றில் மூன்று வீட்டுக்குப் பங்கு. எனக்கு, கணவரை இழந்து மகளோடு வெங்காயம் செய்துவந்த அக்காவுக்கு, ஓய்வுபெற்ற தபால்கார அண்ணைக்கு. பங்கீட்டு அட்டைக்குக் கிடைத்த மண்ணெண்ணெயில் தனித்தனியே தண்ணீர் இறைக்கிற மிசின் ஓட்டினால், வாய்க்கால் நிறையவே பாதி எண்ணெய் போய்விடும். ஆகவே மூவரும் ஒரே பீப்பாவில் ஊற்றி, ஒரே நாளில், முறை வைத்து இறைத்தோம். யார் எவ்வளவு ஊற்றினார் என்று அளப்பதில்லை. அயலவரை அளந்து பார்ப்பது மரியாதையில்லையாம். எங்கள் ஊர்ப் பெருமை அப்படி.

பிறகு, இனி மண்ணெண்ணெய் வராது என்று ஒரு கதை பரவியது. மறுநாள் இறைப்பு. நான் வீட்டிலேயே இரண்டு போத்தலை ஒளித்துவைத்துவிட்டுத்தான் போனேன். மற்றவர்களும் ஒளிப்பார்கள், நான் மட்டும் ஏன் பேயனாக வேண்டும்? எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம். அங்கே போனால், அண்ணை தன் எண்ணெய்க் கானைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டித் தட்டி ஊற்றிக்கொண்டிருந்தார். அப்போதாவது வீட்டுக்கு ஓடிப்போய் எடுத்து வந்திருக்கலாம். போகவில்லை.

முறைப்படி அன்று அக்காவின் தோட்டம் கடைசி. பாதிப் பாத்திகூட நனையவில்லை, மிசின் நின்றுவிட்டது. வெங்காயம் பருக்கிற நேரம். அக்காவும் மகளும் நாலு நாள் வாளியால் அள்ளி ஊற்றியும் பெரும்பகுதி வாடிப்போனது. ஒளித்த எண்ணெயைக் கொண்டுபோய்க் கொடுத்தால், எங்கிருந்து வந்தது என்று கேட்பார்களே என்று பயந்தேன்.

ஐந்தாம் நாள் அக்கா வேலிக்கரைக்கு வந்தார்.

“தம்பி, உண்மையைச் சொல்லும். நீர் முழுக்க ஊத்தினனீரோ?”

“ஓம் அக்கா. ஒரு சொட்டும் வைக்கேல்லை.”

“அப்ப அண்ணைதான் ஒளிச்சிருக்கிறார். உந்த வயசில உவருக்கு ஏன் இந்த வேலை?”

நான் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தோட்டத்துப் பக்கம் நடந்தேன்.

அடுத்த மாதம் மண்ணெண்ணெய் வந்தது. பீப்பாவில் ஊற்றத்தான் யாரும் வரவில்லை. அக்கா அண்ணையோடு கதைப்பதை விட்டுவிட்டார். காரணம் தெரியாமல் அந்த மனிதர் இரண்டு தரம் அக்காவின் வாசல் படலைவரை போய்த் திரும்பினார். இப்போது எண்ணெய்க்குக் குறைவில்லை. ஒரே கிணற்றுக்குள் மூன்று மிசினின் குழாய்கள் கிடக்கின்றன.

போன ஆவணியில் அக்காவின் மகளுக்குக் கலியாணம். அண்ணைக்குச் சொல்லவில்லை. அறுகரிசி போட்டு வாழ்த்த அக்கா முதல் ஆளாக என்னைக் கூப்பிட்டார்.

“அந்தக் கஷ்டத்துக்கை எங்களுக்கு உண்மையா நிண்டது நீர் ஒராள்தான், தம்பி.”

நான் போனேன். போய் வாழ்த்திவிட்டு, முதல் பந்தியில் இருந்து சாப்பிட்டேன்.