மேசைக்கு அடியில் ஒரு தலைமை இயக்குநர்

அக்காவுக்கு இருபத்து நான்கு வயதில் இரண்டு உத்தியோகம். ஒன்று, குடிநீர் வாரிய அலுவலகத்தில் தபால் பிரிவு எழுத்தர். மற்றொன்று, ஆண்டுக்கு ஒரே நாள் மட்டும், விடுமுறைத் துறையின் தலைமை இயக்குநர். இரண்டாவது நியமனம் அவளைத் தவிர யாருக்கும் தெரியாது.

அம்மா ஆஸ்பத்திரியில் ஷிப்ட் பார்ப்பவர். பள்ளி விடுமுறை என்றால் பெட்டி கட்டுகிற வீடல்ல அது. ஆகவே துறை நிறுவப்பட்டது. விடுமுறையின் முதல் நாள் காலை கதவிடுக்கில் ஓர் உறை கிடக்கும். உள்ளே உத்தரவு, கீழே, உருளைக்கிழங்கை வெட்டிச் செய்த முத்திரை. ‘இன்று அனைவரும் பின்னோக்கியே நடக்கக் கடவர்.’ தம்பியும் தங்கையும் நாள் முழுக்கச் சுவரில் மோதி மகிழ்வார்கள்.

இந்த ஆண்டு துறைக்கே ஆபத்து வந்தது. ஒன்பது வயதுத் தங்கைக்கு வீட்டில் ‘வக்கீல்’ என்று பெயர். காரணம் சொல்ல வேண்டியதில்லை.

“அந்த டைரக்டர் ஆபீஸ் எங்கேக்கா இருக்கு? இந்தத் தடவை விடமாட்டேன்.”

“கண்டுபிடிச்சு என்னடி பண்ணப் போற?”

“பொய்னா தம்பிகிட்ட சொல்லிடுவேன்.”

தம்பிக்கு ஆறு வயதுதான். அக்கா அதே நினைப்பில் கிளம்பியதில், மறுநாள் காலை பையிலிருந்த இரண்டு பழுப்பு உறைகளும் இடம் மாறின. குழந்தைகளுடையது மேலாளர் மேசைக்குப் போயிற்று. முந்தின மாலை அவர் கிளம்பிய பிறகு வந்த அலுவலகச் சுற்றறிக்கை வீட்டுக் கதவிடுக்குக்கு.

பத்து மணிக்கு, படிய வாரிய தலையோடு தம்பியை இழுத்துக்கொண்டு அடுத்த தெருவிலுள்ள வீட்டிலிருந்து அக்காவின் அலுவலகத்துக்கே வந்து நின்றாள் வக்கீல்.

“‘பத்து மணிக்கு ஆஜராகணும், தவறினா விளக்கம் கேக்கப்படும்’னு போட்டிருக்கு. மேலே உன் ஆபீஸ் பேரு. அப்போ எல்லாம் நீதானா?”

அக்கா உறையைப் பிடுங்கக் கை நீட்டினாள். தம்பி அவள் முகத்தையே பார்த்தான்.

அப்போது மேலாளர் அறையிலிருந்து ஒரு ராகம் கிளம்பியது.

“யா…ரது வா…சலிலே…”

வக்கீல் எட்டிப் பார்த்தாள். நாற்காலி காலி. மேசைக்கு அடியில், மூக்குக் கண்ணாடியும் மூன்று கோப்புகளுமாக மேலாளர். இருபத்தெட்டு ஆண்டுச் சேவையில் முத்திரையிட்ட காகிதம் எதையும் அவர் ஏன் என்று கேட்டதில்லை. அவர் கையிலிருந்த உத்தரவு: ‘இன்று எல்லாப் பணியும் மேசைக்கு அடியில். பேச்சு பாட்டாக மட்டும்.’

“சார், உங்களுக்குமா வந்துச்சு?”

“மே…லிடத்து உத்தர…வு பா…ப்பா…”

காகிதத்தை நீட்டினார். வக்கீல் முத்திரையை முகர்ந்து பார்த்தாள். அதே முத்திரை. இவ்வளவு பெரிய மனிதர் பொய்க்காக முட்டி வலிக்க உட்காருவாரா?

“டேய், நிஜம்தான்டா!”

தம்பி ஒரே பாய்ச்சலில் மேலாளருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். கணக்கர் ஏற்கனவே தம் மேசைக்கடியில் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா நிம்மதியாக மூச்சு விட்டாள். வக்கீல் விடவில்லை.

“நீ மட்டும் ஏன்க்கா நின்னுட்டிருக்க? விளக்கம் கேப்பாங்க!”

தலைமை இயக்குநர் குனிந்து, தம் உத்தரவுக்குத் தாமே கட்டுப்பட்டார்.