மங்கலத்து மூன்றாவது குடோன்

தொடர்கதையில் மயிலாப்பூர் என்று அச்சாகியிருந்தால் மருதம்மாள் திருப்பூர் மண்ணரை என்று படிப்பாள். எழும்பூர் ஸ்டேஷன் அவள் வாயில் திருப்பூர் ஸ்டேஷனாகிவிடும். கதாநாயகியின் மாமனார் அவிநாசிக்காரராகிவிடுவார். பனியன் கம்பெனியில் நூல் பிசிறு வெட்டும் பதினோரு பெண்களில், படிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான், ஐந்தாம் வகுப்பு. மெட்ராஸைக் கண்டவர்கள் அங்கே யாருமில்லை. "பாக்காத ஊர்ல நடந்தா ஆருக்கு அழுகை வரும்?" என்று தனக்குள் சொல்லிக்கொள்வாள்; மாற்றிப் படிப்பதை அவர்களிடம் சொன்னதில்லை.

சாப்பாட்டு நேரத்தில், தூக்குப்போசியைத் திறக்குமுன், முதலாளி வீட்டில் படித்துக் கழித்த வாரப் பத்திரிகையை மடியில் விரிப்பாள். அழவேண்டிய இடம் வந்தால் முதலில் தான் மூக்கைச் சிந்திக்கொண்டு, மற்றவர்கள் முந்தானையைத் தேடும்வரை காத்திருப்பாள்.

போன வருஷம், அறுபத்தேழில் வந்த தொடர்கதையில், ரயில் விபத்தில் நினைவு தப்பிய கணவன் வேற்றூரில் கூலிவேலை செய்கிறான். அவன் யாரோ என்று நினைத்து மனைவி தண்ணீர் கொடுக்கிறாள். சொம்பை வாங்கும்போது அவளை அடையாளம் கண்டுகொள்கிறான். அச்சில் அது மதுரை மில். மருதம்மாள் அதை, பக்கத்து ஊரான மங்கலத்தில் நெசவு நடக்கும் தறிக்குடோன் என்று படித்தாள்.

கேட்டுக்கொண்டிருந்தவர்களில் சேவூர் ஆயம்மாளும் ஒருத்தி. சந்தைக்குப் போய்வருகிறேன் என்று கிளம்பிய அவள் புருஷன் வெள்ளையன் எட்டு வருஷமாகத் திரும்பவில்லை. இன்றைக்கில்லாவிட்டால் நாளைக்கு வருவான் என்று நெற்றிப் பொட்டு அழியாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எத்தனாவது குடோன்னு போட்டிருக்குதா கண்ணு?" என்று அவள் கேட்டாள்.

கதை ருசியில் கேட்கிறாள் என்று நினைத்து, மருதம்மாள் பத்திரிகையைப் பார்த்தபடியே சொன்னாள்: "பாலத்துக்கு அக்கட்டால மூணாவதுங்கக்கா."

ஞாயிற்றுக்கிழமை ஆயம்மாள் மங்கலத்துக்கு நடந்தே போனாள். மூன்றாவது குடோனில் அவன் இல்லை. விடாமல் வாசல் வாசலாக விசாரித்தாள். ஏழாவதில் இருந்தான்.

திங்கட்கிழமை, கத்தரிக்கோலை நிறுத்தாமல் சொன்னாள்: "இந்தம்மா ஆருன்னே தெரியாதுன்னுட்டாரு கண்ணு. அவரு பொண்டாட்டி தண்ணி கொண்டாந்து குடுத்தா. குடிச்சுப்போட்டு வந்துட்டன்." நெற்றி வெறுமையாக இருந்தது.

பக்கத்தில் இருந்த செல்லாத்தாள்தான் வாய்விட்டுச் சொன்னாள்: "நீ படிச்ச அஞ்சாப்பு அவ குடியக் கெடுத்துப்போட்டுதே."

கதைதானே அது என்று மருதம்மாள் சொல்லிப் பார்த்தாள். அச்சில் மதுரை என்றுதான் இருக்கிறது என்று பக்கத்தையும் விரித்துக் காட்டினாள். படிக்கத் தெரியாதவர்களிடம் அதைக் காட்டி என்ன பயன்?

இரண்டு வாரம் யாரும் அவளோடு பேசவில்லை. மூன்றாம் வாரம் பத்திரிகை வந்ததும், கதையில் அந்தப் புருஷனும் பெண்டாட்டியும் என்ன ஆனார்கள் என்று கேட்டவள் அதே செல்லாத்தாள்தான்.

மருதம்மாள் இப்போதும் அதே கம்பெனியில்தான் இருக்கிறாள். தொடர்கதை மாறிவிட்டது, படிப்பு நிற்கவில்லை. ஆயம்மாள் மட்டும், சாப்பாட்டு நேரத்திலும் நிற்காமல் ஓடும் நிட்டிங் மிஷினுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து சாப்பிடுகிறாள். அங்கே எந்தப் பேச்சும் காதில் விழாது. ஆனாலும், பிரிந்தவர்கள் சேரும் இடம் வந்தால் மருதம்மாள் தலைநிமிர்ந்து அந்தப் பக்கம் பார்க்கிறாள். குரலை முணுமுணுப்பாக இறக்கி, பக்கத்தை அவசரமாகப் புரட்டுகிறாள்.