மாலையில் எண்ணாத பறவைகள்

என் அக்கா உலகத்தில் ஒரே ஒருவனைப் பார்த்துத்தான் பொறாமைப்பட்டாள். அவனுக்கு அவள் வைத்த பெயர் நெட்டை. திட்டங்களுக்கு அனுமதி தரும் அரசு அலுவலகத்தில், சுற்றுச்சூழல் பிரிவில், இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். பதினோரு வருடம் ஒரே ஜீப்பில் போய், மின் திட்டம் வரப்போகும் இடங்களில் மண், தண்ணீர், பறவை எல்லாம் பார்த்து எழுதினார்கள்.

பிறகு அரசாங்கம் செலவைக் குறைத்தது. ஒன்பது பேர் இருந்த பிரிவில் அக்கா மட்டும் மிஞ்சினாள். ஜீப் ஏலத்துக்குப் போனது. வேலை போன நெட்டை, காற்றாலைக் கம்பெனிகளுக்கு ஆய்வறிக்கை எழுதித் தரும் நிறுவனத்தில் சேர்ந்தான். அந்த அறிக்கையைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவது அக்காவின் வேலை.

வயிறு எரியாமல் என்ன செய்யும்? அவனுக்குப் புது வண்டி, பெரிய கேமரா, கூட நான்கு பேர். இவளுக்கு ஆடும் நாற்காலி, ஆள் உயரக் கோப்புகள். அவன் அறிக்கை வந்தால் முதலில் தாளைத்தான் தடவிப் பார்ப்பாள். "வெண்ணெய் மாதிரி வழுக்குது பாரு," என்று என்னிடம் பொருமுவாள்.

போன மாதம் ஏரிக்கரைக் காற்றாலையின் அறிக்கை வந்தது. வீட்டுக்கே தூக்கி வந்து ஒரு பக்கத்தில் விரலை ஊன்றினாள்.

"எல்லாம் காலையிலயே எண்ணியிருக்கான். பறவைங்க கூட்டமா ஏரிக்குத் திரும்புறது சாயங்காலம், காத்தாலை இறக்கையில அடிபடுறதும் அப்பத்தான். அதை எண்ணவே இல்ல."

"உனக்கு வயித்தெரிச்சல்க்கா. அவன் தும்மினாலும் தப்பு கண்டுபிடிப்ப."

சும்மா சீண்டத்தான் சொன்னேன். அவள் முகம் சுருங்கிவிட்டது.

"எரியுதுதான்," என்றாள். "நேர்ல போய்ப் பாத்தா நிச்சயமா சொல்லலாம். வண்டியும் இல்ல, ஆளும் இல்ல. வெறும் எரிச்சல்ல எழுதினா நாலு பேர் சிரிப்பாங்க."

மறுநாள் ஒரு கேள்வியும் எழுதாமல் கையெழுத்துப் போட்டாள். பெருந்தன்மையாக நடந்துகொண்டதாக அவளுக்கு நினைப்பு. நானும் பாராட்டித் தொலைத்தேன்.

பத்து நாள் கழித்து நெட்டை போன் செய்தான். அக்கா காய் நறுக்கிக்கொண்டிருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள்.

"என்னம்மா, ஒரு கேள்விகூடக் கேக்காம விட்டுட்ட?"

"என்ன கேக்கணும்?"

"சாயங்கால எண்ணிக்கைதான். உங்க ஆபீஸ்ல கேட்டாத்தான் செய்வோம்னு கம்பெனியில சொல்லிட்டாங்க. நீ எப்படியும் கேப்பன்னு அறிக்கையில அந்த இடத்தைக் காலியா விட்டேன். நாம ஒண்ணா வேலை பாத்தப்ப அப்படித்தானே நடக்கும்?"

"நீயே எழுதியிருக்கலாமே."

"எழுதினா என்னைத் தூக்கிடுவாங்க. நீ மட்டும் யாருக்கும் பயப்படாம கேக்கலாம். அதுல உன் மேல எனக்கு எவ்வளவு பொறாமை தெரியுமா?"

அக்கா கத்தியைக் கீழே வைத்தாள். "இப்ப நிறுத்த முடியாதா?"

"அனுமதி வந்துடுச்சேம்மா. நேத்தே குழி தோண்ட ஆரம்பிச்சுட்டாங்க."

போனை வைத்ததும் என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் திட்டவில்லை.

"வயிறு எரிஞ்சா எரிஞ்சுட்டுப் போகட்டும்னு கேட்டுத் தொலைச்சிருக்கணும்டி," என்றாள்.