பழைய இன்ஜினின் இருமல்

இது நடந்தது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம், எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. ஆனால் "இருட்டில் கண் ஏமாற்றியிருக்கும்" என்று மட்டும் யாரும் கிளம்பி வராதீர்கள். எங்கள் வடதுருவப் பக்கம் டிசம்பர் மாதம் முழுக்கச் சூரியன் எட்டியே பார்க்காது. நடுப்பகலும் இருட்டுதான். இருட்டில்தான் பல் தேய்க்கிறோம், துருவமான் மேய்க்கிறோம், மச்சானோடு சண்டை போடுகிறோம். இருட்டு எங்களுக்கு ஒரு விஷயமே இல்லை.

மச்சான் என்றால் யுவ்வா. என் மனைவி மாரெத்தின் அண்ணன். என் பனிவண்டியின் பழைய இன்ஜினைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புது மாடல் இன்ஜினை வைக்கச் சொன்ன மகான்.

"ரெண்டு மணி நேர வேலை மாப்ள. நாலு போல்ட்டக் கழட்டு, நாலு போல்ட்ட மாட்டு. அவ்ளோதான்."

சொல்லும்போது கையில் காப்பி. எங்கள் ஊரில் யோசனை சொல்கிறவர்கள் கையில் எப்போதும் காப்பி இருக்கும், ஸ்பேனர் இருக்காது.

பழைய இன்ஜினுக்கு ஒரு வியாதி. இருமும். டக்-டக்-டக்... ஹக். ஏரிக்கு அந்தப் பக்கம் இருந்தே அதைக் கேட்டு மாரெத் காப்பி போட ஆரம்பித்துவிடுவாள். எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் உள்ள பழக்கம் இது. இருட்டில் முகம் தெரியாது. வண்டிச் சத்தம்தான் முகம். தெரிந்த சத்தம் வாசலுக்கு வந்தால் யாரென்று கேட்காமல் கதவைத் திறந்துவிடுவோம்.

அந்த வாரம் அவள் ஏரிக்கு அக்கரையில், காவல் குடிசையில் இருந்தாள். மந்தையை ஓநாய் நெருங்காமல் பார்த்துக்கொள்ளும் வேலை. துணைக்கு முஸ்தி, எங்கள் நாய். அங்கே போன் எடுக்காது. எங்களிடம் இருந்ததோ ஒரே வண்டி. அவளை இறக்கிவிட்டு, நாளைக்கே வந்து கூட்டிப்போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நாலாவது நாளும் நான் கொட்டகையில் முட்டி போட்டுக் கிடந்தேன்.

புது இன்ஜினின் கால்கள் பழைய சட்டத்தின் துளைகளுக்குப் பொருந்தவில்லை. தகடு வெட்டிப் புதுத் துளை போட்டேன். சைலன்சர் பானெட்டில் இடித்தது. பானெட்டை அறுத்தேன். வண்டியில் மூன்று வயர், இன்ஜினில் ஏழு. மிச்ச நாலும் எதற்கு என்று மச்சானைக் கேட்டேன். அவர் நெடுநேரம் தாடியைத் தடவினார். "அதெல்லாம் ஃபேஷனுக்கு விட்டிருப்பான் மாப்ள" என்றார்.

ஸ்டார்ட் பண்ணும் கயிற்றை இழுத்து இழுத்து என் தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது. அவர் மறுபடி காப்பி ஊற்றிக்கொண்டார்.

கடைசியில் அது கிளம்பியது. தையல் மிஷின் போல, ஒரு பிசிறில்லாத சத்தம். பழையது கொட்டகை மூலையில் கிடந்தது. கார்புரேட்டர் இல்லை, பிளக் இல்லை. வெறும் இரும்பு.

புறப்பட்டபோது பகல் பதினொன்றரை. காலைவரை பனி கொட்டி அப்போதுதான் ஓய்ந்திருந்தது.

உறைந்த ஏரியின் நடுவில் இன்ஜின் நின்றது.

வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். மச்சானை, அவர் காப்பியை, ஏழு வயரை. திட்டி முடித்து மூச்சு வாங்கியபோதுதான் கேட்டது.

டக்-டக்-டக்... ஹக்.

எனக்கு முன்னால். தூரத்தில். குடிசையை நோக்கி.

வேறு வண்டியாக இருக்கும் என்று நினைத்தேன். பத்து வருஷம் கேட்ட இருமல். வேறு வண்டியாக எப்படி இருக்கும்?

கை டார்ச்சை அடித்துப் பனியைப் பார்த்தேன். வண்டிக்கு முன்னால் புதுப் பனியில் ஒரு தடம். இடது சறுக்குத் தகடு இரட்டைக் கோடு போட்டிருந்தது. அது உடைந்து நான் வெல்டிங் வைத்த தகடு, அந்தத் தழும்புதான் இரண்டாவது கோடு. அந்தத் தகடு என் காலடியில் இருக்கிறது. தடம் கிடந்த இடத்துக்கு நான் இன்னும் போகவே இல்லை.

தடம் முன்னால் போயிருந்தது.

கயிற்றை இழுத்தேன். ஒன்றுமில்லை.

தூரத்தில் சத்தம் தணிந்தது. வண்டி நின்று உறுமும் சத்தம். குடிசை வாசலில்.

அவள் கதவைத் திறப்பாள். யாரென்று கேட்க மாட்டாள்...

இழுத்தேன். இல்லை. இழுத்தேன். இல்லை.

கையுறையைக் கழற்றினேன். அந்த ஃபேஷன் வயர்களில் ஒன்றைப் பிடித்துச் சட்டத்தோடு முறுக்கினேன். விரல் தோல் இரும்பில் ஒட்டிக்கொண்டு பிய்ந்தது.

இழுத்தேன்.

கிளம்பியது.

குடிசை வாசலில் வேறு வண்டி எதுவும் இல்லை. முஸ்தி என்னைப் பார்த்துக் குரைத்தது. என்னைப் பார்த்து. பல்லைக் காட்டி.

மாரெத் வெளியே வந்தாள். பிரயாண உடுப்போடு, கையுறை மாட்டிக்கொண்டே.

"அதுக்குள்ள எங்க போயிட்டு வர்ற?"

"இப்பதான் வர்றேன்."

"வெளயாடாத. ஏறுன்னு சைகை காட்டினியே. கையுறை எடுக்கத்தானே உள்ள போனேன்."

"ஹெல்மெட்டக் கழட்டினேனா?"

"இல்ல."

"பேசினேனா?"

"நீ என்னிக்குப் பேசியிருக்க? இன்ஜின் மாத்தலியான்னு கேட்டேன். தலைய மட்டும் ஆட்டின."

அப்போதுதான் அவள் என் வண்டியின் சத்தத்தைக் கேட்டாள். தையல் மிஷின் சத்தம். அவள் முகம் மாறியது. பின்னால் ஏறி என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். முஸ்தியைத் தூக்கித்தான் ஏற்ற வேண்டியிருந்தது.

மறுநாள் யுவ்வா மச்சான் தயாராக வந்தார். காற்று சத்தத்தைத் திருப்பி அடிக்கும், குளிர் காதை ஏமாற்றும், தனியாக இருக்கும் பொம்பளைக்குப் பிரமை தட்டும். மூன்று விளக்கம், ஒரு காப்பி. அவரையும் ஏற்றிக்கொண்டு தடத்தின் பின்னால் போனேன். குடிசை வாசலில் இருந்து அது வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. ஆறு ஏரியில் கலக்கும் இடத்துக்குப் போனது. எந்தக் குளிரிலும் அங்கே ஐஸ் பிடிக்காது. தண்ணீர் கறுப்பாக ஓடிக்கொண்டிருக்கும்.

இரட்டைக் கோடு விளிம்புவரை நேராகப் போய் முடிந்தது. பிரேக் போட்ட அடையாளம் இல்லை. திரும்பிய அடையாளமும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும், அந்தப் பழைய சனியனை முதலில் எங்கேயாவது கொண்டுபோய்ப் போடலாம் என்றார் மச்சான். கொட்டகைக்குள்ளும் வெளியிலும் ஒரே குளிர், மைனஸ் முப்பது. ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினோம். இன்ஜின் சாய்ந்தது.

பிளக் துளையில் இருந்து தண்ணீர் கொட்டியது. ஏரித் தண்ணீர். கூடவே ஒரு பாசி இழை.

உறையாத தண்ணீர்.

மச்சான் கையை உதறிப் பின்வாங்கினார்.

"மாப்ள... இது சூடா இருக்கு."

அதற்கு மட்டும் அவர் இன்றுவரை விளக்கம் சொல்லவில்லை.