முகட்டு வளையின் மற்றத் தலை

பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட இந்தக் கையால் நான் கட்டியவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். கடன் தர ஒருவரும் முன்வராத காலத்தில் வயலோரத்தில் நெல் குத்தும் மில் கட்டினேன். கல்முனையில் கடை கட்டினேன். கடல் வந்து வீட்டை உடைத்துப் போட்ட பிறகு, இடிந்த கல்லைப் பொறுக்கியெடுத்துத் திரும்பவும் கட்டினேன். என் பெண்பிள்ளைகள் எல்லோருக்கும் சீதன வீடு கட்டிக் கொடுத்தேன். எல்லாவற்றுக்கும் மேலாக, என் தம்பியோடு சேர்ந்து இந்தக் கரையிலேயே பெரிய மரக் கராஜை, வாகனம் திருத்தும் கொட்டகையை, கட்டினேன். ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை.

இந்தக் கடைசி விஷயம்தான் தம்பியின் இந்த நினைவு மலருக்கு முதலில் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் இல்லை. தம்பியின் மூத்த மகன் கட்டாரிலிருந்து வாப்பாவுக்கு வருடக் கத்தம் ஓத வந்தவர், அதை எல்லோர் முன்னாலும் வாசித்தார். “தனி மனிதராக நின்று மரத்தால் மாபெரும் கராஜை எழுப்பினார்” என்று வாசித்தார். அதே வசனத்தைக் கல்லில் வெட்டி கராஜ் வாசலில் பதிக்கப் போவதாகவும் சொன்னார்.

“மகன், இதில பெரியவாப்பாட கதையக் காணல்லியே?” என்று கேட்டேன்.

“இது வாப்பாட மலர், பெரியவாப்பா. உங்கட மலர் வாறப்போ உங்களப் பத்தி எழுதுவம்.”

சபை சிரித்தது. அதாவது, நான் மௌத்தாகும் வரைக்கும் பொறுத்திருக்க வேண்டுமாம். மௌத்தான பிறகு நான் அதை வாசிக்கவா போகிறேன்? அன்றைக்கே பேனையும் தாளும் கேட்டு வாங்கினேன். எழுத்துப் பிழையை அச்சகத்தார் திருத்தட்டும். விஷயத்தில் ஒருவரும் கை வைக்கக் கூடாது.

தம்பி கடற்கரைப் பக்கத்து ஓலை வீட்டில் பிறந்தார். வாழ்நாள் முழுக்க ‘அவன்’ என்றுதான் சொன்னேன். மலரில் ‘அவர்’ என்று எழுத வேண்டும் என்கிறார்கள், எழுதுகிறேன். அவர் தவழும் வயதில் வாப்பா மௌத்தாகிவிட்டார். உம்மா பன்பாய் இழைத்து வளர்த்தார். தம்பி படிக்க வேண்டும் என்று நான் மூட்டை தூக்கப் போனேன். அவரோ பள்ளிக்கூடத்துக்கு என்று வெளிக்கிட்டு, பஸ் திருத்துகிற இடத்தில் போய் நிற்பார். கேட்டால் மூத்தவன் என்னிடம், “காக்கா, எஞ்சின் கதைக்கிறது எனக்கு விளங்குது. வாத்தியார் கதைக்கிறதுதான் விளங்குதில்ல” என்பார். அங்கேயே வேலை பழக விட்டேன்.

தொழிலில் அவர் சுத்தமானவர். கழற்றிய பழைய சாமானைப் பையில் போட்டு வாகனக்காரரின் கையிலேயே கொடுப்பார். புதுசு போட்டதாகச் சொல்லிப் பழசைப் போட்டார் என்று ஒரு சொல் அவரைப் பற்றி எழும்பியதில்லை. ஆனால் நிற்க நிழல் இல்லை. வீதியோரத்தில் ஒரு தார்ப்பாய்ப் படங்கைக் கட்டிக்கொண்டு வேலை செய்தார். மாரி வந்தால் திறந்து கிடக்கிற எஞ்சினுக்குள் தண்ணீர் போகும். வேலைக்கு வந்த வான்காரர்கள் வேறு இடம் பார்த்துப் போனார்கள்.

சீமெந்தும் இரும்பும் தொட முடியாத விலைக்குப் போய், நாடே எண்ணெய்க்கு வரிசையில் நின்ற காலம் அது. “மரத்தால கட்டுவம்டா” என்றேன்.

“கறையானுக்குக் கந்தூரி குடுக்கப் போறீங்களா காக்கா?”

“கழிவு ஒயில் உன்னட்டக் கிடக்கு. மரம் என்னட்டக் கிடக்கு. கறையான் ஒயில் குடிக்குமாடா?”

மரம் எங்கே கிடந்தது என்று ஊருக்குத் தெரியாது. இப்போது தெரியட்டும். பெரிய மில்கள் வந்து என்னுடைய மில் ஓய்ந்திருந்தது. அதன் கூரையைத் தாங்கிய முதிரை மர வளைகளுக்கு வியாபாரிகள் நடையாய் நடந்தார்கள். ஒருவருக்கும் கொடுக்கவில்லை. நான் நிமிர்த்திய மில்லை நானே பிரித்தேன். தூண், வளை, கைமரம், தகரம் எல்லாம் தம்பியின் வீட்டு வளவுக்குப் போயின. சுவருக்குக் கடற்கரையில் விழுந்து கிடந்த தென்னைகளை அறுத்தோம். சீமெந்து, தூண் மண்ணில் படாமல் நிற்கிற கட்டைகளுக்கு மட்டும். காரைதீவு ஓடாவி அண்ணன்தான் மர வேலை எல்லாம் பார்த்தார். காற்றுக்குச் சட்டம் ஆடியபோது, மூலைக்கு மூலை சரிவாகத் தாங்கு மரம் கொடுத்து அசையாமல் நிறுத்தினார்.

அங்கேதான் எனக்கும் தம்பிக்கும் சண்டை வந்தது. அவர் ஆணி அடிக்கச் சொன்னார். நான் போல்ட்டுத்தான் போட வேண்டும் என்றேன். எங்கள் ஊரில் ஆண்பிள்ளை கட்டுவதெல்லாம் பெண்பிள்ளையின் காணியில்தானே. அந்த வளவு தம்பியின் மனைவிக்குச் சீதனமாக வந்தது. நாளைக்கு அவர்களின் மகளுக்குப் போகும்.

“மாப்பிள்ள வீட்டார் வந்து வளவ வெறுசாக் கேட்டா என்ன செய்வாய்? போல்ட்டுப் போட்டாக் கழட்டித் தூக்கிட்டுப் போகலாம்.”

“என்ட மகள் என்னத் துரத்துவாளா? வாயக் கழுவுங்க காக்கா!”

ஒரு கிழமை என் வீட்டுப் பக்கம் வரவில்லை. ஆனாலும் போல்ட்டுத்தான் போட்டார், பழைய லொறிகளில் கழற்றிய போல்ட்டு.

மகளுக்குக் கலியாணம் பேசி வந்தது. மகள் ஒன்றும் கேட்கவில்லை, நல்ல பிள்ளை. மாப்பிள்ளையின் மாமா ஒருவர் வளவைச் சுற்றி வந்து, “வீடு நல்லம். காணி உறுதி எழுத முந்தி இந்த மரக்கூட்ட அப்புறப்படுத்திருங்க” என்றார். மரக்கூடாம்! நான் அவர் முன்னால் போய் நின்றேன். தம்பி என் கையைப் பிடித்தார். “காக்கா, போல்ட்டுச் சாவிய எடுங்க, கழட்டுவம்” என்றார்.

பெரிய வீதிக்கு மேற்கே, மில் நின்ற என் காணியிலேயே திரும்ப நிமிர்த்தினோம். போன மரம் புறப்பட்ட இடத்துக்கே வந்தது. கூரை உச்சிக்கு முகட்டு வளை ஏற்றும் நாளில் அதன் ஒரு தலையைத் தம்பி பிடித்தார். “காக்கா, நீங்க வயசாளி, கீழ நில்லுங்க” என்றார். “மில்லுக்கு இத ஏத்தினவன் நான், நீ உன்ட தலயப் பாரு” என்று ஏணியில் ஏறினேன். தம்பியின் மகன் அப்போது கட்டாரில் இருந்தார். வீடியோவில் வாப்பாவின் பக்கத்தை மட்டும் பார்த்திருப்பார் போல.

தம்பி இதை மறைத்தவர் அல்ல. வருகிற வாகனக்காரர்களுக்கெல்லாம் கூரையைக் காட்டி, “எங்கட காக்காட மில்லு” என்பார். நெஞ்சு நோய் வந்து கல்முனை ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் அந்தக் கதைதான். “மழ இருட்டுது காக்கா, தெக்குப் பக்கத் தகரத்தப் பாத்தீங்களா?” என்று கேட்டார். “பாத்தன்டா, நீ படு” என்றேன். பார்த்துத்தான் இருந்தேன். அதன் பிறகு அவர் என்னோடு கதைக்கவில்லை. எனக்கு முன்னால் போக இவனுக்கு என்ன அவசரம்? அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை, ஆறவும் வேண்டாம்.

ஜனாஸாவைக் குளிப்பாட்டியவர்கள், தோளில் சுமந்தவர்கள், வீட்டாருக்குச் சோறு கொண்டுவந்த பக்கத்து வீட்டுப் பெண்கள், மையத்து வீட்டு வாசலில் விடியும் வரை நின்ற ஓடாவி அண்ணன், இவர்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. ரஹ்மானாகிய இறைவன் என் தம்பியின் கப்றில் வெளிச்சத்தையும் காற்றையும் கொடுக்கட்டும்.

மகன், இனி உங்களுக்குச் சொல்கிறேன். கல் வெட்டுகிறவரிடம் இன்றைக்கே போங்கள். ‘தனி மனிதராக’ என்றதை எடுக்கச் சொல்லுங்கள். உங்கள் வாப்பா தனி மனிதர் அல்ல. அவனுக்குக் காக்கா ஒருவன் இருந்தான். அந்த முகட்டு வளைக்கு இரண்டு தலை இருக்கிறது. ஒரு தலையை அவன் பிடித்தான். மற்றத் தலையை யார் பிடித்தது என்று கல்லில் வெட்டுங்கள். நான் உயிரோடு நின்று வாசிக்க வேண்டும்.